விலையைக் கருவி மாற்றட்டும். யாரைப் பார்த்து மாற்றுவது என்பதை நீங்கள் சொல்லுங்கள்

கேள்வி: இசை நிகழ்ச்சி, விளையாட்டுப் போட்டி டிக்கெட்டுகளை வாங்கி மறுவிற்பனைத் தளங்களில் விற்கிறேன். வேலை முடிந்து வந்த பிறகு பகுதி நேரமாகச் செய்வதுதான். முன்பெல்லாம் ஐந்தாறு நிகழ்ச்சிகள் கையில் இருக்கும். இப்போது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒவ்வொரு லிஸ்டிங்காக, அதாவது தளத்தில் போட்ட ஒவ்வொரு விற்பனைப் பதிவாகத் திறந்து விலை மாற்ற நேரம் போதவில்லை என்று, தானாக விலை மாற்றும் சாஃப்ட்வேர் ஒன்றைச் சோதனைக் காலத்தில் போட்டுப் பார்க்கிறேன். முதல் வாரமே, நல்ல இடத்தில் இருந்த நான்கு டிக்கெட்டுகளை ராத்திரியோடு ராத்திரியாக நான் வாங்கிய விலைக்கும் கீழே தள்ளிவிட்டது. பயந்துபோய், வாங்கிய விலைக்குக் கீழே இறங்கவே கூடாது என்று செட்டிங்கை மாற்றினேன். அடுத்த வாரம் இன்னொரு நிகழ்ச்சிக்கு ஆறு டிக்கெட்டுகள் விற்காமலே தங்கிவிட்டன. இந்தக் கருவிகளை நம்பலாமா? குறைந்தபட்ச விலையை எப்படி வைப்பது? இதெல்லாம் சட்டப்படி சரிதானா என்ற பயமும் இருக்கிறது.

பதில்:

அன்புள்ள வாசகருக்கு,

உங்களுக்கு வந்த இரண்டு நஷ்டங்களும் ஒன்றுக்கொன்று நேரெதிராகத் தெரியலாம். ஒன்றில் விலை அதிகமாக இறங்கிவிட்டது, இன்னொன்றில் இறங்கவே இல்லை. ஆனால் இரண்டிலும் கருவி தனக்குச் சொல்லப்பட்டதைத்தான் செய்திருக்கிறது. முதல் வாரம் யாரைப் பின்தொடர வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. இரண்டாம் வாரம் பின்தொடரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். மறுவிற்பனை டிக்கெட்டுகளுக்கு விலை போடுவதையே தொழிலாகச் செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: முப்பது நிகழ்ச்சிகள் ஆனபின் கருவி இல்லாமல் சமாளிப்பது கஷ்டம். அதைத் தூக்கிப் போடாதீர்கள். ஆனால் கருவிக்கு விலையை மாற்றத் தெரியுமே தவிர, உங்கள் டிக்கெட் எதோடு போட்டியிடுகிறது என்று தெரியாது. அதை நீங்கள்தான் ஒவ்வொரு லிஸ்டிங்குக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

அந்த ராத்திரி என்ன நடந்திருக்கும் என்று முதலில் பார்ப்போம். இந்தக் கருவிகள் பெரும்பாலானவற்றில் விலை மாறிய வரலாறு பதிவாகும். அதைத் திறந்து, நேரம் வாரியாகப் படித்துப் பாருங்கள். என் ஊகம் இது. கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று நான்கு டிக்கெட்டுகளையும் தலா 80-க்கு வாங்கி 120-க்குப் போட்டிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது வரிசை, நான்கு இருக்கைகளும் பக்கத்துப் பக்கத்தில். இரவு யாரோ ஒருவர் அதே பகுதியில் ஒரே ஒரு டிக்கெட்டை 70-க்குப் போடுகிறார். அது கடைசி வரிசை, தூண் மறைக்கும் இடம். அவருக்கு விற்றுத் தீர்ந்தால் போதும். உங்கள் கருவி பார்க்கிறது: இந்தப் பகுதியில் மிகக் குறைந்த விலை 70. அதற்குக் கொடுக்கப்பட்ட விதி, மிகக் குறைந்த விலைக்கும் 1 குறைவாக வை என்பது. உடனே 69. பக்கத்தில் இன்னொருவர் இதே மாதிரி கருவியை ஓட விட்டிருக்கிறார். அது 68-க்கு வருகிறது. உங்களுடையது 67. இப்படி ஒருவரை ஒருவர் துரத்திக்கொண்டு விடிவதற்குள் 61-க்கு வந்து நிற்கும்போது, தூக்கம் வராமல் தேடிக்கொண்டிருந்த ஒரு ரசிகர் நான்கையும் எடுத்துவிடுகிறார். தளத்தின் கமிஷன் 15 சதவீதம் என்றால் உங்கள் கைக்கு டிக்கெட்டுக்கு 51.85 வந்திருக்கும்.

இதில் அந்த ஒற்றை டிக்கெட் உங்களுக்குப் போட்டியே இல்லை. நான்கு பேர் கொண்ட குடும்பம் அதை வாங்கப் போவதில்லை. தனியாக வருகிறவர் உங்கள் நான்கை வாங்கப் போவதில்லை. ஆனால் கருவிக்கு இரண்டும் ஒரே பகுதி, ஆகவே ஒரே சரக்கு.

எனவே முதல் வேலை, ஒப்பிட வேண்டிய லிஸ்டிங்குகளைப் பொறுக்கி எடுப்பது. நல்ல கருவி எதிலும் இதற்கு வசதி இருக்கும். அதை யாரும் தொடுவதில்லை என்பதுதான் பிரச்சினை. வாங்கியதும் இருக்கிற செட்டிங்கோடு ஓட விட்டுவிடுகிறார்கள். அந்த ஆரம்ப செட்டிங் சீக்கிரம் விற்றுக் காட்டுவதற்குத்தான் பொருந்தும், நல்ல விலைக்கு விற்பதற்கு இல்லை.

எண்ணிக்கையில் ஆரம்பியுங்கள். இரண்டாக விற்பவை இரண்டோடு, நான்காக விற்பவை நான்கோடு. பெரும்பாலானோர் இரண்டு பேராகத்தான் நிகழ்ச்சிக்குப் போகிறார்கள், அதனால் ஜோடி டிக்கெட்டுகளின் சந்தைதான் பெரியது, விலையும் அங்கேதான் ஓரளவு நிதானமாக இருக்கும். ஒற்றை டிக்கெட் எப்போதும் தள்ளுபடியில்தான் போகும். நான்கு சேர்ந்து கிடைப்பது அபூர்வமான நிகழ்ச்சியில் நான்குக்குத் தனி விலை உண்டு. எங்கு பார்த்தாலும் நான்குகள் இருந்தால், இரண்டிரண்டாகப் பிரித்துக் கொடுக்கச் சம்மதித்துவிடுவது நல்லது. ஆனால் பிரிக்கும்போது கடைசியில் ஒன்று தனியாக மிஞ்சாதபடி செட்டிங் வையுங்கள். மூன்று டிக்கெட் வைத்திருப்பவர்கள் இதில்தான் அதிகம் அடிபடுகிறார்கள்: இரண்டு விற்றுவிடும், மிச்சம் ஒன்று நிகழ்ச்சி தொடங்கும்வரை இருக்கும்.

அடுத்தது வரிசை. ஒரே பகுதியின் முதல் வரிசைக்கும் முப்பதாவது வரிசைக்கும் ஒரே விலை கிடையாது என்று யாருக்கும் தெரியும், கருவிக்குச் சொன்னால்தான் தெரியும். உங்கள் வரிசைக்கு மேலும் கீழும் நாலைந்து வரிசை என்று எல்லை போடுங்கள். அதற்குள் போட்டியாளர் யாரும் இல்லையென்றால் பக்கத்துப் பகுதியின் அதே வரிசையை எடுத்துக்கொள்ளலாம். விளையாட்டு மைதானத்தில் நேரெதிர்ப் பக்கத்துப் பகுதியையும் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, சொந்த அணி எந்தப் பக்கம் உட்காருகிறது என்பதைப் பார்த்துவிட்டு. மேடை நிகழ்ச்சியில் மேடையின் அமைப்பு சுற்றுப்பயணத்துக்குச் சுற்றுப்பயணம் மாறும். போன முறை நன்றாகத் தெரிந்த பக்கவாட்டு இருக்கை இந்த முறை ஒலிபெருக்கிக்குப் பின்னால் போயிருக்கலாம். வரைபடத்தில் இடம் ஒன்றுதான், சரக்கு வேறு. பார்வை மறைக்கும் என்ற குறிப்போடு வரும் லிஸ்டிங்குகளை ஒப்பீட்டிலிருந்து முழுசாக விலக்கிவிடுங்கள்.

அப்புறம், உங்களுடைய சொந்த லிஸ்டிங்குகள். ஒரே நிகழ்ச்சிக்கு இரண்டு ஜோடி வைத்திருந்தால், கருவி ஒரு ஜோடியைக் காட்டி இன்னொரு ஜோடியின் விலையைக் குறைக்கும். பிறகு அதைப் பார்த்து முதல் ஜோடியைக் குறைக்கும். நம்ப மாட்டீர்கள், இது நிறைய நடக்கிறது. ஒரே டிக்கெட்டை மூன்று தளங்களில் போட்டிருந்தால், உங்கள் நிழலே மூன்று போட்டியாளர்களாக நிற்கும். சொந்த லிஸ்டிங்குகளைத் தவிர்க்கும் வசதி கருவியில் இருக்கிறதா, அது எல்லாத் தளங்களிலும் வேலை செய்கிறதா என்று சரிபாருங்கள்.

கையில் இல்லாத டிக்கெட்டை விற்பனைக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இன்று 90-க்கு விற்றுவிட்டு, நாளை 70-க்கு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்ற நினைப்பு. இருக்கை எண் இல்லாமல், வரிசை மட்டும் பொத்தாம்பொதுவாகப் போட்டு, பல பகுதிகளில் ஒரே மாதிரியான எண்ணிக்கையில் வரும் லிஸ்டிங்குகள் அப்படிப்பட்டவையாக இருக்க வாய்ப்பு அதிகம். அவற்றைப் பார்த்து விலை போடாதீர்கள். நீங்களும் ஒருபோதும் அப்படிப் போடாதீர்கள். பல தளங்களில் இதற்குத் தடை இருக்கிறது, ஆனால் அதற்காக மட்டும் சொல்லவில்லை. டிக்கெட் கிடைத்துவிட்டது என்று நம்பி விடுமுறை எடுத்து, பயணத்துக்குப் பணம் கட்டி, அரங்க வாசலில் வந்து நிற்கிறவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்த இழப்பு ஈடாகாது.

கருவி கருவியைத் துரத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இந்தத் துறைக்கு வெளியே ஓர் உதாரணம் இருக்கிறது. 2011 ஏப்ரலில், மைக்கேல் ஐசன் என்ற உயிரியலாளர், ஈயின் வளர்ச்சி பற்றிய பழைய அறிவியல் புத்தகம் ஒன்று அமேசானில் லட்சக்கணக்கான டாலருக்கு விற்பனைக்கு இருப்பதைத் தன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஒருவர் மூலம் அறிந்து, தினமும் பின்தொடர்ந்தார். இரண்டு கடைக்காரர்களின் கருவிகள் ஒன்றையொன்று பார்த்து விலை போட்டுக்கொண்டிருந்தன. ஒன்று எதிராளியின் விலையை 0.9983-ஆல் பெருக்கியது, மற்றொன்று 1.270589-ஆல் பெருக்கியது. ஒரு சுற்று முடியும்போது விலை ஏறக்குறைய 27 சதவீதம் ஏறிவிடும். கடைசியில் யாரோ கவனித்து நிறுத்தும்போது விலை 2 கோடியே 36 லட்சம் டாலரைத் தாண்டியிருந்தது. அதிக விலை போட்டவரிடம் புத்தகமே இருந்திருக்காது, யாராவது வாங்கினால் மற்றவரிடமிருந்து வாங்கிக் கொடுக்கலாம் என்று இருந்திருப்பார் என்பது ஐசனின் ஊகம். உங்கள் ராத்திரியில் இதே துரத்தல் கீழ்நோக்கி நடந்தது.

இதைத் தடுக்க இரண்டு மாற்றங்கள் போதும். மிகக் குறைந்த விலையை விடக் குறைவாக வை என்ற விதியை எடுத்துவிட்டு, பொறுக்கி எடுத்த ஒப்பீட்டுப் பட்டியலில் இரண்டாவது அல்லது மூன்றாவது குறைந்த விலைக்குச் சமமாக வை என்று மாற்றுங்கள். அடியில் இருக்கிற ஒருவர் அவசரத்தில் விற்கிறவராக இருக்கலாம், தவறாகத் தட்டச்சு செய்தவராக இருக்கலாம். அவர் சரக்கு தீரட்டும், உங்கள் முறை வரும். இரண்டாவது, ஒரு நாளில் இத்தனை சதவீதத்துக்கு மேல் இறங்காதே என்று ஒரு கட்டு. நிகழ்ச்சிக்கு வாரக்கணக்கில் இருக்கும்போது நாளுக்கு 5 சதவீதமே தாராளம். கருவி பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கட்டும், அதில் தப்பில்லை, ஆனால் பார்க்கும்போதெல்லாம் மாற்ற வேண்டியதில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தளத்தில் நிற்கிற விலை, கேட்கிற விலை. விற்ற விலை வேறு. மாதக்கணக்கில் 200-இல் நிற்கிற லிஸ்டிங் சந்தையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த விலைக்கு யாரும் வாங்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறது. விற்பனையான டிக்கெட்டுகளின் விலையைக் காட்டும் வசதி தளத்திலோ கருவியிலோ இருந்தால் அதற்குத்தான் முதல் மரியாதை. இல்லாவிட்டால் நீங்களே கவனிக்கலாம்: நேற்று இருந்த எந்த லிஸ்டிங் இன்று இல்லை, என்ன விலையில் இருந்தபோது காணாமல் போனது? எல்லாமே விற்றதால் போனதென்று சொல்ல முடியாது, சிலர் எடுத்துவிட்டிருப்பார்கள். இருந்தாலும் ஒரு வாரம் பார்த்தால் எந்த விலையில் சரக்கு நகர்கிறது என்று பிடிபட்டுவிடும்.

ஒப்பிடும்போது கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு தளம் வாங்குபவரின் கட்டணத்தைச் சேர்த்தே காட்டும், இன்னொன்று கடைசிப் பக்கத்தில்தான் சேர்க்கும். அமெரிக்காவில் 2025 மே மாதத்திலிருந்து, நேரடி நிகழ்ச்சி டிக்கெட்டுகளின் மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்திருக்கிறது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. இது சின்ன விஷயமும் இல்லை. ஸ்டப்ஹப் என்ற மறுவிற்பனைத் தளம் 2015-இல் செய்த சோதனை ஒன்றில், கட்டணம் கடைசியில் மட்டும் காட்டப்பட்டவர்கள், முதலிலேயே மொத்த விலையைப் பார்த்தவர்களைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதிகம் செலவிட்டார்கள். ஒரு தளத்தின் 100-ம் இன்னொரு தளத்தின் 100-ம் வாங்குகிறவருக்கு ஒன்றல்ல, உங்கள் கைக்கு வருவதிலும் ஒன்றல்ல. இரண்டு தளங்களை ஒரே கருவி பார்க்கிறது என்றால், எந்த விலையை எடுத்துக்கொள்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

சரி, இனி குறைந்தபட்ச விலை. வாங்கிய விலைக்குக் கீழே போகக் கூடாது என்று நீங்கள் வைத்தது இயல்பான ஆசை. கைப்பணம் போட்டவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் வாங்குகிறவருக்கு நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்பதில் அக்கறை இல்லை. உங்களுக்குமே, இந்தக் கட்டத்தில் அது முடிந்துபோன கணக்கு. ஆறு டிக்கெட்டுகளை 80-க்கு வாங்கி, கடைசி நாளில் சந்தை 50-இல் நின்றபோது 80-இல் பிடித்துக்கொண்டிருந்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் போக டிக்கெட்டுக்கு 42.50 வந்திருக்கும், ஆறுக்கும் சேர்த்து 255. அது வராமல் போனது. மேடையில் விளக்கு எரிந்த பிறகு டிக்கெட்டின் விலை பூஜ்யம். வேறு சரக்குபோல அடுத்த மாதம் விற்கலாம் என்று எடுத்து வைக்க முடியாது.

விலை எந்தப் பக்கம் போகும் என்பதற்கும் ஓரளவு ஆதாரம் இருக்கிறது. ஆண்ட்ரூ ஸ்வீட்டிங் என்ற பொருளாதார அறிஞர், அமெரிக்க பேஸ்பால் போட்டிகளின் மறுவிற்பனை டிக்கெட்டுகளை ஆராய்ந்து 2012-இல் வெளியிட்ட கட்டுரையில், போட்டி நெருங்க நெருங்க விற்பவர்கள் விலையை 40 சதவீதமோ அதற்கு மேலுமோ குறைக்கிறார்கள் என்று காட்டினார். பேஸ்பால் பருவம் நீண்டது, ஆட்டங்கள் ஏராளம். ஒரே ஒரு இரவு மட்டும் நடக்கிற நிகழ்ச்சிக்கு அதே எண்ணைப் பொருத்த முடியாது. ஆனால் திசை பெரும்பாலான நிகழ்ச்சிகளுக்குப் பொருந்தும். நாள் குறையக் குறைய விற்பவரின் பொறுமைக்கு மதிப்புக் குறைகிறது.

ஆகவே குறைந்தபட்ச விலை என்பது ஒரே எண்ணாக இருக்கக் கூடாது, நாளோடு சேர்ந்து இறங்குகிற படிகளாக இருக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் உங்களை நீங்களே கேட்க வேண்டியது, இன்று இந்த விலையை வேண்டாம் என்றால் இதைவிட நல்ல விலை பிறகு வர எவ்வளவு வாய்ப்பு இருக்கிறது என்பதுதான். 80-க்கு வாங்கிய சாதாரண நிகழ்ச்சி ஒன்றுக்கு நான் இப்படி வைப்பேன்: ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும்வரை 100-க்குக் கீழே வேண்டாம், இரண்டு வாரம் வந்ததும் 85, ஐந்து நாள் இருக்கும்போது 65, கடைசி நாள் காலை 45, டிக்கெட்டை வாங்குகிறவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கும் நேரம் முடிய இரண்டு மூன்று மணி இருக்கும்போது 20. எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் நிகழ்ச்சியின் தேவையைப் பார்த்து மாற்றுங்கள். முக்கியமானது, இந்தப் படிகளை டிக்கெட் வாங்கிய அன்றே, மனம் தெளிவாக இருக்கும்போது எழுதி வைப்பது. கடைசி நாளில் உட்கார்ந்து யோசித்தால் பிடிவாதம்தான் பேசும். இன்னொரு பிழையும் சகஜம்: கருவியில் போடும் குறைந்தபட்சம் லிஸ்டிங் விலையா, கமிஷன் போகக் கைக்கு வரும் தொகையா என்று பார்க்காமல் போடுவது. 15 சதவீதம் பிடிக்கிற தளத்தில் 80 கைக்கு வர வேண்டுமென்றால், லிஸ்டிங் விலை 94-ஐத் தாண்ட வேண்டும்.

எல்லா நிகழ்ச்சிக்கும் இறங்குபடி பொருந்தாது. சின்ன அரங்கு, கூடுதல் காட்சி வர வழியில்லை, விற்பனைக்கு இருப்பதே இருபது லிஸ்டிங் என்றால் கடைசி நாட்களில் விலை ஏறவும் செய்யும். வெளியேற்றச் சுற்றுப் போட்டிகளில் ஒரே இரவில் எல்லாம் தலைகீழாகும். பிடித்த அணி தோற்றால் அடுத்த சுற்று டிக்கெட்டுகளை அதன் ரசிகர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் சந்தையில் கொட்டுவார்கள். கருவி நடப்பதைப் பார்த்துத்தான் மாறும், நடக்கப் போவது அதற்குத் தெரியாது. மழை, காயம், கலைஞரின் உடல்நிலை, கூடுதல் காட்சி அறிவிப்பு எல்லாம் உங்களுக்குச் செய்தியாக வரும். கருவிக்குப் போட்டியாளர்களின் விலை சரிந்த பிறகுதான் வரும்.

இதில் புதிதாக வருகிறவர்கள் கவனிக்காத ஒன்று, அமைப்பாளர்கள் பிடித்து வைத்திருக்கும் இருக்கைகள். மேடை, கேமரா, ஒலி அமைப்பு எங்கே வரும் என்பது உறுதியாகும்வரை சில இருக்கைகளை விற்பனைக்கு விடாமல் வைத்திருப்பார்கள். விளம்பரதாரர்களுக்கும் கலைஞர்களின் விருந்தினர்களுக்கும் சில ஒதுக்கியிருப்பார்கள். மிஞ்சியவற்றைக் கடைசி நாட்களில் அதிகாரப்பூர்வ விற்பனையிலேயே விடுவார்கள். விற்றுத் தீர்ந்த நிகழ்ச்சி என்று நீங்கள் நம்பிக் காத்திருக்கும்போது முன்வரிசை டிக்கெட் அச்சிட்ட விலைக்கே கிடைக்கும். உங்கள் கருவி மறுவிற்பனைத் தளங்களை மட்டும் பார்க்கிறதென்றால் இது அதன் கண்ணில் படாது. கடைசி வாரத்தில் அதிகாரப்பூர்வ விற்பனைப் பக்கத்தை நீங்களே ஒரு தடவை திறந்து பாருங்கள், பெரிய நிகழ்ச்சி என்றால் தினமும்.

முப்பது நிகழ்ச்சிகளில் நாலைந்து இப்படிப்பட்டவையாக இருக்கும். அவற்றைக் கருவியிலிருந்து எடுத்துவிட்டு நீங்களே பாருங்கள். மிச்சமுள்ள இருபத்தைந்தையும் கருவி கவனித்துக்கொண்டால், உங்களுக்கு அந்த ஐந்தைக் கவனிக்க நேரம் கிடைக்கும். நான் கருவியை ஆதரிப்பதே அதற்காகத்தான்.

பல தளங்களில் போடுகிறவர் என்றால், ஒன்றில் விற்றதும் மற்றவற்றிலிருந்து தானாக நீக்கும் வசதி இல்லாமல் விலைக் கருவியை ஓட விடவே கூடாது. விலை வேகமாக மாறினால் விற்பனையும் எதிர்பாராத நேரத்தில் நடக்கும். ஒரே டிக்கெட் இரண்டு பேருக்கு விற்றுவிட்டால் மாற்று டிக்கெட்டின் செலவைத் தளம் உங்கள் தலையில் கட்டும்.

சட்டத்துக்கு வருகிறேன். டிக்கெட்டை வாங்குகிற பாட் (தானாக இயங்கும் நிரல்) வேறு, விலையை மாற்றுகிற கருவி வேறு. அதிகாரப்பூர்வ விற்பனையில் ஒருவருக்கு இத்தனை என்ற கட்டுப்பாட்டை ஏமாற்றி நிரல் மூலம் அள்ளுவதைத் தடுக்க அமெரிக்கா 2016-இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. அதன்படி முதல் நடவடிக்கை 2021 ஜனவரியில் மூன்று டிக்கெட் தரகர்கள் மீது வந்தது. பிரிட்டனில் 2020-இல், பல பெயர்களில் டிக்கெட்டுகளை வாங்கிக் குவித்து விற்ற இரண்டு பேருக்குச் சிறைத் தண்டனையே கிடைத்தது. உங்கள் கருவியோடு வாங்கும் வசதியும் சேர்த்துத் தருகிறோம் என்று யாராவது சொன்னால் தொடாதீர்கள். வரிசையில் நேர்மையாகக் காத்திருக்கிற ரசிகரின் இடத்தை எடுத்து அவருக்கே திருப்பி விற்பது அது.

விலைக் கருவியைப் பயன்படுத்துவது பொதுவாகக் குற்றமில்லை. ஆனால் எந்த விலைக்கு விற்கலாம் என்பதற்கு நாட்டுக்கு நாடு வரம்பு உண்டு. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் வாங்கிய அசல் விலைக்கு மேல் 10 சதவீதம்தான் போகலாம். அயர்லாந்தின் 2021-ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட அரங்குகளுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் அசல் விலைக்கு மேல் விற்பதையே தடுக்கிறது. ஜப்பானில் 2019-இலிருந்து, மறுவிற்பனைக்குத் தடைபோட்டு விற்ற டிக்கெட்டுகளைத் தொழிலாக அதிக விலைக்கு விற்பது குற்றம். பிரான்ஸில் அமைப்பாளரின் அனுமதி இல்லாமல் வழக்கமாக விற்பதே குற்றம். பிரிட்டிஷ் அரசும் அசல் விலைக்கு மேல் விற்பதைத் தடை செய்யப் போவதாக 2025 நவம்பரில் அறிவித்தது. கருவிக்கு இதெல்லாம் தெரியாது. நிகழ்ச்சி நடக்கும் இடத்தின் சட்டத்தையும் டிக்கெட்டின் நிபந்தனைகளையும் படித்துவிட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் அதிகபட்ச விலையை நீங்களே பூட்டி வையுங்கள். குறைந்தபட்சத்தைப் பற்றிக் கவலைப்படுகிற பலர் அதிகபட்சப் பெட்டியைக் காலியாகவே விட்டுவிடுகிறார்கள். சட்டச் சிக்கல் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

மற்ற விற்பனையாளர்களோடு பேசி, நாம் எல்லாரும் ஒரே கருவியில் ஒரே செட்டிங் வைத்து விலையைத் தாங்கிப் பிடிப்போம் என்று முடிவெடுப்பதும் கூடாது. அமெரிக்க நீதித் துறை 2015-இல், இணையத்தில் சுவரொட்டிகள் விற்ற ஒருவர், போட்டியாளர்களோடு பேசிவைத்துக்கொண்டு விலை நிரல் மூலம் விலையை ஒன்றாக வைத்ததற்காக அவர் மீது குற்ற வழக்குத் தொடுத்தது. அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பேசிவைத்துக்கொண்டது மனிதர்கள், அமல்படுத்தியது நிரல். அதனால் பொறுப்பு குறையவில்லை. வாட்ஸ்அப் குழுவில் இப்படிப் பேச்சு வந்தால் அதிலிருந்து விலகிவிடுங்கள்.

இனி செய்ய வேண்டியது இது. எல்லா நிகழ்ச்சிகளையும் கருவியிலிருந்து எடுத்துவிட்டு, நிகழ்ச்சிக்கு மூன்று வாரமாவது இருக்கிற, தேவை சாதாரணமாக இருக்கிற ஐந்தை மட்டும் திரும்பச் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் எண்ணிக்கை, வரிசை, பார்வை வடிகட்டி; படிப்படியான குறைந்தபட்சம்; ஓர் அதிகபட்சம்; நாளுக்கு இறங்கும் கட்டு. பிறகு தினமும் காலையில் விலை வரலாற்றைப் படியுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும், இது யாரைப் பார்த்து மாறியது என்று கருவியால் காட்ட முடிய வேண்டும். அந்த லிஸ்டிங்கைத் திறந்து பாருங்கள்: உங்கள் டிக்கெட்டை வாங்க வந்தவர் அதையும் வாங்க யோசிப்பாரா? இல்லை என்றால் வடிகட்டியை இன்னும் இறுக்குங்கள். இரண்டு வாரத்தில் ஐந்தும் ஒழுங்குக்கு வந்துவிட்டால் அடுத்த பத்தைச் சேர்க்கலாம்.

நீங்கள் இன்னும் சோதனைக் காலத்தில்தான் இருக்கிறீர்கள். யாரைப் பார்த்து விலையை மாற்றியது என்று காட்டாத, எண்ணிக்கையையும் வரிசையையும் வைத்து வடிகட்ட விடாத, நாள் வாரியாகக் குறைந்தபட்சம் வைக்க முடியாத கருவி என்றால், பணம் கட்டுமுன் அதை ரத்து செய்துவிட்டு வேறொன்றைப் பாருங்கள்.